தபால் பிரிக்கும் தந்தக் கத்தி

"டீச்சர், மூணு வருஷம் ஆச்சு. எப்பத்தான் என்னைத் தீர்ப்புச் சொல்ல விடுவீங்க?"

கேட்டவர் அருமைநாதன். வயது அறுபத்து நான்கு. குன்னூரில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது டீச்சரிடம் தொழில் கற்பவர்.

டீச்சர் மெகருன்னிசா அவரைவிட இருபது வயது இளையவள். பழைய மேசைச் சாமான்களைப் பார்த்து, எதனால் செய்தது, எந்தக் காலத்தது, மேலே செதுக்கிய எழுத்து யாருடையது என்று சொல்வது அவள் வேலை. தந்தத்தை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அதனால் விலை மட்டும் சொல்லமாட்டாள்.

"இன்னைக்கே சொல்லுங்களேன் சார்," என்றாள்.

அப்போது வாசலில் ஒரு பெண் குடையை மடக்கினாள்.

சவுந்தரி. அறுபதை நெருங்கும் வயது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவள் என்பது விரல்களில் தெரிந்தது. துண்டில் சுற்றி வைத்திருந்ததை மேசைமேல் பிரித்தாள்.

கடித உறைகளைக் கிழிக்கும் கத்தி. பழுத்த வெள்ளை நிறம். ஒரு சாண் நீளம்.

"அம்மா போய் ஒரு மாசம் ஆகுது. பெட்டிக்கு அடியில இருந்துச்சு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானி பங்களாவுல முப்பது வருஷம் அம்மாதான் ஆயா."

"சரிம்மா. எங்ககிட்ட என்ன தெரியணும்?"

சவுந்தரி கதவைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"கிழவி திருடிட்டு வந்திருக்குன்னு என் மருமக சொல்றா. தெருக் குழாயில நின்னு சொல்றா. படத்துக்கு மாலை போடப் போனா கை வரமாட்டேங்குது. எங்கம்மா திருடியா, இல்லையா? அதைச் சொன்னாப் போதும்."

டீச்சர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். ஒரு மைக்கூட்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

அருமைநாதன் வெள்ளைக் கையுறையை மாட்டினார். கறுப்புத் துணியை விரித்தார். இடுக்கியால் கத்தியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். பூதக்கண்ணாடியைக் குனிந்து பிடித்தார்.

பிடியின் அடியில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. எலும்பாக இருந்தால் கரும்புள்ளிகள் இருக்கும். இல்லை.

"அசல் தந்தம்."

பிடியைப் பார்த்தார். இரண்டு எழுத்துகள் கொடிபோலப் பின்னிக் கிடந்த இடம். ஓரத்தில் சில வளைவுகள் மட்டும் மிச்சம். நடுவில் பள்ளம்.

வெகு நேரம் பார்த்தார். இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறார். கை மாறிய பொருளில் முதலில் போவது பெயர்தான்.

"சொல்லுங்க ஐயா."

"எழுத்தைச் சுரண்டியிருக்காங்கம்மா."

"எதுக்கு?"

"யாருதுன்னு தெரியக்கூடாதுன்னு."

"சுரண்டின கீறல் தெரியுதா?" என்றாள் டீச்சர், தலை நிமிராமல்.

"இல்ல டீச்சர். நல்லா மெருகு போட்டுட்டாங்க."

டீச்சர் மறுபடி மைக்கூட்டைத் துடைத்தாள்.

சவுந்தரி அழவில்லை. முந்தானையால் மேசையைத் துடைத்தாள். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்ப திருப்பிக் கொடுத்துடணும். துரைசானி பேத்தி சீமையில இருக்காங்களாம். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதித் தர்றீங்களா?"

கையுறையைக் கழற்றிவைத்துவிட்டு எழுதினார். முப்பத்தெட்டு வருஷம் தபால் பார்த்த கை. எங்கள் தாயார் அறியாமல் செய்த பிழை என்று அழகாக எழுதி, உறையில் போட்டு, பசை தடவி ஒட்டினார். ஓரத்தை நகத்தால் நீவிவிட்டார்.

டீச்சர் எழுந்து வந்தாள். உறையை எடுத்துச் சவுந்தரியிடம் நீட்டினாள்.

"பிரிங்கக்கா."

"இப்பத்தானே ஒட்டினாரு?"

"பிரிங்க. அந்தக் கத்தியாலயே."

அருமைநாதன் பதறினார். "டீச்சர், வெறுங்கையிலயா?"

"நீங்களும் கையுறை மாட்டாதீங்க சார். முதல்ல நீங்க பிடிங்க."

பிடித்தார். வலது கை. கட்டைவிரல் பள்ளத்துக்குக் குறுக்கே விழுந்தது. நகர்த்திப் பார்த்தார். பொருந்தவில்லை.

சவுந்தரி வாங்கினாள். அவளுக்கும் அப்படியே.

"அக்கா, அம்மா எந்தக் கைப் பழக்கம்?"

"இடது கை. சோறு போட வந்தாலே எல்லாரும் திட்டுவாங்க. சாகற வரைக்கும் மாத்திக்கல."

சொல்லிக்கொண்டே சவுந்தரி கத்தியை இடது கைக்கு மாற்றினாள்.

கட்டைவிரல் சாய்ந்து, பள்ளத்தில் போய்ப் படுத்தது.

ஓட்டின்மேல் மழை மட்டும்.

அருமைநாதன் குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுக்க மறந்துவிட்டார். ஓரத்து வளைவுகள் வெட்டுப்படவில்லை. நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருந்தன, வாயில் போட்ட மிட்டாய்போல.

"துரைசானிக்கு விரலெல்லாம் மடங்கிப் போயிருந்துச்சு," என்றாள் சவுந்தரி மெதுவாக. "தேக்கரண்டி பிடிக்க முடியாது. காலையில தபால் வந்தா ஆயாவைத்தான் கூப்பிடுவாங்க. நான் சின்னப் புள்ள. சமையக்கட்டு வாசல்ல உட்கார்ந்திருப்பேன். சர்ரு சர்ருன்னு சத்தம் கேட்கும். அம்மாவுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. யாரு யாரோ எழுதின கடுதாசி அத்தனையும் அம்மா பிரிச்சதுதான்."

"இத்தனை ஆழம் விழ எத்தனை வருஷம் ஆகும் டீச்சர்?" என்றார் அருமைநாதன்.

"நீங்க சொல்லுங்க சார். தீர்ப்பு உங்களுது."

அவர் சவுந்தரியின் முன் கைகூப்பினார்.

"தப்பாச் சொல்லிட்டேன்மா. சுரண்டல. யாரும் எதையும் மறைக்கல."

"துரைசானி கொடுத்தாங்களா ஐயா?"

அருமைநாதன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

சவுந்தரி தலையசைத்தாள். உறையின் மூலையில் கத்தியை நுழைத்தாள். பழகாத கை, கோணலாகப் போனது. சர்ரென்று ஒரு சத்தம்.

உள்ளே இருந்த மன்னிப்பை எடுத்து நான்காக மடித்து மேசையிலேயே வைத்தாள். கத்தியைத் துண்டில் சுற்றப் போனவள் நிறுத்தினாள்.

"என் பேரன் பட்டாளத்துல இருக்கான். மாசம் ஒரு கடுதாசி போடுவான். இதுலயே பிரிக்கலாம்னு இருக்கு." தயங்கினாள். "ஆனா இன்னும் தேஞ்சுடுமே. மிச்சம் இருக்கிற எழுத்தும் போயிடுமே."

டீச்சர் வாய் திறக்குமுன் அருமைநாதன் சொன்னார்:

"தேயட்டும்மா."