ஒன்பது தொலைத்த பெயர்

அந்தக் காலத்தில் அணிலும் முயலும் மட்டுமா பேசின? எண்களும் பேசின, நடந்தன, ஒன்றைப் பார்த்து ஒன்று வயிறெரிந்தன. ஒவ்வொரு எண்ணும் தன் பெயரைத் துண்டாக நெய்து தோளில் போட்டிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும். ஆற்றில் குளிக்கும்போது மட்டும் துண்டைக் கழற்றிக் கரையில் வைக்கும்.

இன்று நாம் ஒன்பது என்கிறோமே, அதற்கு அப்போது தொண்டு என்று பெயர். அதற்கு மூன்று தம்பிகள். ஒன்பது பத்துகள் சேர்ந்த தம்பிக்குத் தொண்பது என்று பெயர். ஒன்பது நூறுகள் சேர்ந்த தம்பி தொண்ணூறு. ஒன்பது ஆயிரங்கள் சேர்ந்த கடைக்குட்டி தொள்ளாயிரம். மூத்தது உருவத்தில் சின்னது, கடைக்குட்டி மலை மாதிரி. எழுபது, எண்பது, தொண்பது. எழுநூறு, எண்ணூறு, தொண்ணூறு. எவ்வளவு நேராக இருந்தது பாருங்கள்! யாருக்கும் நாக்குத் தடுமாறியதே இல்லை.

புன்னை மரத்தடியில் செம்போத்து அக்கா குட்டிகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்தாள். ஒப்பிப்பது அவளுக்குப் பிடிக்காது. "முதல்ல காயைக் கையில எடுங்க. அப்புறம் வாயைத் திறங்க" என்பாள். குட்டிகள் புன்னைக்காய்களை ஒவ்வொன்றாகக் குழியில் போட்டு எண்ணைக் கூப்பிடும். கூப்பிட்ட எண் ஓடி வந்து குழியருகே நிற்கும். பத்து வந்தால் குழி நிறைந்துவிடும். அப்போது குட்டிகள் கைதட்டி ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் அடுத்த குழிக்குப் போகும்.

தொண்டுக்குப் பொறுக்கவில்லை. "எட்டு, தொண்டு, பத்தூ!" என்று கத்துகிற அவசரத்தில் அதன் பெயர் பாதி வாய்க்குள்ளேயே போய்விடும். அதை ஒரு குட்டியும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்று எட்டு கேட்டது.

"எல்லாக் காயையும் சேர்த்து வைக்கிறது நான். ஒத்தைக் காயோட வந்து கைதட்டலை வாங்கிட்டுப் போறான் அவன்."

"எனக்கும்தான் யாரும் தட்டறதில்லை."

"உனக்கு ரோஷம் கிடையாது" என்றது தொண்டு.

நாளாக ஆக அந்தப் பொறாமை முற்றியது. பத்துக்கு அப்புறம் வருகிறவர்களைப் பார், இருபது, முப்பது, நாற்பது! எல்லார் துண்டிலும் 'பது' என்று ஒரு வால். அந்த வால்தான் கைதட்டலைக் கொண்டுவருகிறது என்று தொண்டு முடிவு கட்டியது. தன் சொந்தத் தம்பியிடமே அந்த வால் இருந்தது இன்னும் எரிந்தது.

ஒருநாள் எல்லாரும் ஆற்றில் இறங்கினார்கள். தொண்டு முதலில் கரையேறி, தன் துண்டை மணலில் போட்டுவிட்டுத் தம்பியின் 'தொண்பது'வை எடுத்தது. அடையாளம் தெரியக் கூடாதென்று முன்னால் இருந்த 'த்'தைக் கிழித்து ஆற்றில் எறிந்தது. இழுத்த இழுப்பில் மூன்று சுழி 'ண்'ணில் ஒரு சுழி அவிழ்ந்து, இரண்டு சுழி 'ன்' ஆயிற்று. ஒன்பது! அதைப் போட்டுக்கொண்டு ஓடியே போய்விட்டது.

அடுத்துக் கரையேறிய தம்பிக்குத் துண்டு இல்லை. அதற்கு ஒன்றும் பெரிய வருத்தமும் இல்லை. தன்னைவிட இளையவனுக்கு 'நூறு' என்று முடிகிற பெயரா என்று அது வெகுநாளாகக் கறுவிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் 'தொண்ணூற்றை' எடுத்துக்கொண்டது. அதற்கடுத்த தம்பியும் அதே குணம்தான், கடைக்குட்டியின் 'தொள்ளாயிரத்தை' எடுத்துக்கொண்டது. கடைசியில் வந்த கடைக்குட்டிக்கு மணலில் கிடந்த 'தொண்டு' முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. அது அழுதுகொண்டே அண்ணனிடம் ஓடி, அண்ணன் பெயரையே முன்னால் ஒட்டி 'ஒன்பதாயிரம்' என்று சுற்றிக்கொண்டது.

மறுநாள் எட்டாவது காய் விழுந்தது. அடுத்த காய்க்குத் "தொண்டு!" என்று கூப்பிட்டால் யாரும் வரவில்லை. பிறகு புதுத் துண்டோடு அது நெஞ்சை நிமிர்த்தி வந்தது. "நான் ஒன்பது."

"பது! பது வந்தாச்சு!" என்று குட்டிகள் கைதட்டின. ஒன்பதுக்குக் காது குளிர்ந்தது. இதற்காகத்தானே இத்தனையும்!

"குழி நிறைஞ்சிருக்கா?" என்றாள் அக்கா.

"ஐயே, ஒண்ணு குறையுது!" கைகள் அப்படியே நின்றன. உண்மையான பத்து வந்தபோது முன்னைவிடப் பலமாகத் தட்டின.

நொறுக்கி என்ற அணில்குட்டி குழி குழியாக எண்ணிக்கொண்டே போனது. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது... "தொண்பது!" என்று கூப்பிட்டது. யாரும் வரவில்லை. "ஒன்பது... ஒன்பதுபது..." என்று இழுத்தது. அப்போது ஒருவன் வந்து, "நான் தொண்ணூறு" என்றான்.

"நூறா? ஒரு குழி இன்னும் காலியா கிடக்கே!" நொறுக்கி காயைக் கீழே போட்டது. "எனக்குக் கணக்கு வராது அக்கா. நான் நாளைக்கு வரலை."

அக்காவுக்கு வந்த கோபம் குட்டியின் மேல் இல்லை. "உன் தப்பு இல்லை கண்ணு. அந்த நாலு பேரையும் கூப்பிடு. அவங்கவங்க துண்டை அவங்கவங்ககிட்ட குடுக்கட்டும்."

"அண்ணன் குடுத்தா நானும் குடுக்கிறேன்" என்றார்கள் தம்பிகள். அண்ணன் எப்படிக் கொடுக்கும்? 'த்' ஆற்றோடு போயிருந்ததே. ஒன்பது தண்ணீரில் இறங்கித் துழாவிப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பி வந்தது. "மணல்லேருந்து நீ எடுத்து வச்ச என் பழைய துண்டையாவது குடு அக்கா."

அக்கா சிந்திய காய்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "குழி தோண்டுறேன், காய் பொறுக்குறேன், அழுற குட்டியைத் திரும்பக் கூட்டிட்டு வர்றேன். இதுக்கு யாரும் கைதட்டறதில்லை, இதுக்கு ஒரு பேரும் இல்லை. நீ வேண்டாம்னு போட்ட பேரை இதுக்கு வச்சுட்டேன்."

அன்று முதல்தான் எண்ணப் பழகும் குழந்தை எண்பத்தொன்பது வரை கடகடவென்று வந்து, அங்கே நின்று நம் முகத்தைப் பார்க்கிறது. கைதட்டல் கேட்காமல் செய்கிற வேலைக்குத் தொண்டு என்று பெயர். அந்தப் பெயரை யார் சொன்னாலும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று ஒன்பது திரும்பிப் பார்க்கிறது.