பரணில் கிடந்த படகு

வானம் தவறாமல் பெய்த காலம். ராஜாக்களும் எப்போதாவது நியாயமாக இருந்த காலம். அந்தக் காலத்திலே கரைப்பட்டணம் என்றொரு ஊர். வீடுகள் ஆற்றுக்கு இந்தப் பக்கம், வயல்கள் அந்தப் பக்கம். கடக்க இருந்தது ஒரே ஒரு தோணி. அதுவும் அந்த வருஷம் அடி இற்றுப் போய்விட்டது.

புதுவெள்ளம் வருவதற்குள் புதுத் தோணி வேண்டும். இல்லாவிட்டால் நாற்று அங்கே, நடுகிற கை இங்கே என்று ஆகிவிடும். ராஜா தம் அதிகாரி சேந்தனைக் கூப்பிட்டு, நல்ல தச்சனாகப் பார்த்து வேலையை ஒப்படைக்கச் சொன்னார்.

சேந்தன் யாரிடமும் கைநீட்டாதவன். அதைப் பற்றி ஊரார் பேசினால் நின்று கேட்டுவிட்டுப் போகிறவன். அவ்வளவுதான் அவனிடம் குறை.

வழக்கப்படி சந்தையில் பறை அறைந்தார்கள், துறையில் அறைந்தார்கள், கோயில் வாசலில் அறைந்தார்கள். கூலி அரண்மனை வைத்ததுதான். தோணி கட்ட விரும்புகிற தச்சர்கள் முழ நீளத்தில் மாதிரிப் படகு செய்து, துணியில் மூட்டையாகக் கட்டி, பௌர்ணமி உச்சிப்பொழுதுக்குள் கொடுக்க வேண்டும். முடிச்சின் மேல் அரக்கு முத்திரை விழும். மறுநாள் ஊர் பார்க்க மூட்டைகளைப் பிரித்து, படகுகளைக் குளத்தில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றிலும் கூழாங்கல் போடுவார்கள். அதிகக் கல் தாங்குகிற படகுக்காரனுக்கே வேலை.

மூன்று மூட்டைகள் வந்தன. ஒன்று பூதன் கொடுத்தது, ஒன்று கண்டன் கொடுத்தது. மூன்றாவதைப் பார்த்ததும் சேந்தன் அதை மட்டும் தனியே நகர்த்தி வைத்தான். அது ஓரி கொடுத்தது. ஓரி அவன் மனைவி நங்கையின் தம்பி.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஓரி ஜெயித்தால், மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்பார்களே என்று பயந்தான். மூட்டையைப் பிரிக்காமலே அரண்மனைப் பரணில் போட்டுவிட்டான். இரண்டு படகுகள் மட்டும் குளத்தில் இறங்கின. பூதன் படகு ஜெயித்தது.

சொந்த மச்சானையே தள்ளிவிட்டானே, இவனல்லவா மனிதன் என்று ஊர் மெச்சியது. சேந்தன் குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்தான். நங்கை சோறு போட்டாள். ரசத்தில் உப்பு போடவில்லை.

ஓரி நேராக ராஜாவிடம் போய் முறையிட்டான். வழக்கு தீரும்வரை மரத்தில் உளி படக்கூடாது என்று உத்தரவாயிற்று. பூதன் உளியைக் கீழே வைத்தான். மேற்கே மலையில் மேகம் கறுத்தது. வயற்காரர்கள் துறையில் நின்று மேகத்தையும் சேந்தனையும் மாறிமாறிப் பார்த்தார்கள். மெச்சிய வாய்களே இப்போது வேறு பேசின.

சபையில் ராஜா மூன்று கேள்விகள் கேட்டார். உறவுக்காரன் வரக்கூடாது என்று பறையில் சொன்னாயா? இல்லை. ஓரி நேரம் தப்பி வந்தானா? இல்லை. அவன் மூட்டையில் ஏதாவது குறை உண்டா? அதுவும் இல்லை.

“அப்புறம் எதற்காகத் தள்ளினாய்?”

சேந்தன் உள்ளதைச் சொன்னான். “என் பெயர் கெடக்கூடாது என்றுதான், மகாராஜா.”

“உன் பெயர் மிதக்க அவன் படகை அமுக்கினாய். உறவு இருந்தால் நீ விலகியிருக்க வேண்டும். அவனை ஏன் விலக்கினாய்?”

சேந்தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்த நேரத்தில் வெட்கத்தைவிட மேகம்தான் அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

“மூட்டை பரணில் இருக்கிறது, அரக்கு உடையவில்லை. மூன்றையும் முதலிலிருந்து இறக்கலாம், மகாராஜா. நான் பக்கத்தில் வரவில்லை. தோணியில் ஏறப்போகிறவர்களே கல் போடட்டும்.”

ராஜா தலையசைத்தார். காவலில் இருந்த இரண்டு படகுகளும் வந்தன, பரணில் கிடந்த மூட்டையும் வந்தது. பூதனும் கண்டனும் அரக்கைத் தடவிப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அக்கரையில் நிலம் வைத்திருந்த காரி என்பவள் கல் போட உட்கார்ந்தாள். இடுப்பில் பிள்ளையோடு தினமும் ஆற்றைக் கடக்கிறவள் அவள். யார் யாருக்கு மச்சான் என்பதில் அவளுக்கு அக்கறையில்லை, எது முழுகாது என்பதில்தான் அக்கறை. சேந்தன் தூரத்தில், குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

முதலில் கண்டன் படகு முழுகியது. கொஞ்சம் பொறுத்து ஓரி படகும் முழுகியது. பூதன் படகு இன்னும் ஒரு கை கல்லை வாங்கிக்கொண்டு மிதந்தது.

இதற்கா இத்தனை கூத்து என்று ஊரே சிரித்தது. சேந்தன் திரும்பிப் பார்த்தால் ஓரியும் சிரித்துக்கொண்டு வருகிறான்.

“பந்தியில உட்கார்ந்து, எனக்கு வர்றதுக்குள்ள பாயசம் தீர்ந்துபோனா பரவாயில்லை அத்தான். இலையே போடாம எழுப்பி விட்டீங்களே, அதுதான் பொறுக்கல.”

ராஜா மோதிரத்தை எடுத்துச் சேந்தனிடமே கொடுத்தார். உறவு வந்தால் அதிகாரி ஒதுங்குவான் என்பதையும் இனிமேல் பறையில் சேர்த்துச் சொல்லவேண்டும் என்றார். அன்றைக்கே உளிச் சத்தம் கேட்டது. ஆள் போதாதென்று பூதன் ஓரியையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டான். வெள்ளம் வந்தபோது தோணி துறையில் தயாராக நின்றது, காரி பிள்ளையோடு முதலில் ஏறினாள். அன்று ராத்திரி ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. சேந்தன் இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: பொதுக் காரியத்தில் வேண்டியவனுக்குச் சாய்வது மட்டுமல்ல, நல்ல பெயருக்காக வேண்டியவனைத் தள்ளுவதும் அநியாயம்தான்.