பன்னிரண்டு டேப்பெட்டுகள்

தொம்மையின் காதில் ஒரு சத்தம் பல வருடங்களாகக் குடியிருந்தது. கரை மறைந்துபோன தூரத்தில், என்ஜினின் பெரிய முழக்கத்துக்கு அடியில், யாரோ நகத்தால் தகரத்தைச் சுண்டுவது போன்ற ஒரு மெல்லிய டிக், டிக். அப்போது அவர் மீன்பிடி லாஞ்சு ஒன்றின் டிரைவர். கூட வந்தவர்கள் கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்துவிட்டு, "உமக்கு வீட்டு ஞாபகம் வே" என்று சிரித்தார்கள். கரைக்கு வந்ததும் அருமைநாயகம் என்ற இளவயது மெக்கானிக் நீளமான திருப்புளியின் முனையை என்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்து, "இருக்கு" என்றார்.

பின்னாளில் இடுப்பில் அடிபட்டுக் கடலுக்குப் போக முடியாமல் ஆனபோது, தொம்மை நேரே போய் நின்றது அந்த அருமைநாயகத்தின் பட்டறையில்தான். தொம்மைக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அங்கே மேஸ்திரியான அருமைநாயகத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

"இந்த வயசுல என்னத்தப் படிக்கப் போறீங்க அண்ணாச்சி?"

"கேக்கதுக்கு" என்றார் தொம்மை.

மேஸ்திரி ஒரு துணியையும் டீசல் வாளியையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அப்படித்தான் தொம்மை சீடரானார்.

மச்சாது முதலாளியின் லாஞ்சு என்ஜின் திரும்பி வந்தது ஒரு கோடைக்காலத்தில். மழை மாதத்தில் இதே பட்டறையில் பிரித்துப் பூட்டிய என்ஜின் அது. இப்போது இழுவை இல்லை, கரும்புகை. மேஸ்திரி காலையிலேயே பிரித்துப் போட்டிருந்தார். வால்வுகளைத் திறந்து மூடுகிற பாகங்கள் தேய்ந்துபோயிருந்தன. சுழலும் கேம் ஷாஃப்ட்டில் பன்னிரண்டு மூக்குகள். அந்த மூக்குகள் தள்ளிவிட எழும்பித் தாழ்கிற பன்னிரண்டு டேப்பெட்டுகள். மூக்குகள் மழுங்கியிருந்தன. டேப்பெட்டுகளின் அடி குழிந்திருந்தது. ஐந்தாறு வருடம் ஓடினாலும் இப்படி ஆகாது.

மச்சாது உள்ளே வந்து எதையும் தொடாமல் பார்த்தார்.

"டிரைவர் கித்தேரியான் எண்ணெய் பாக்காம ஓட்டியிருக்கான் வே. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லும். இன்னைக்கே அவனை இறக்கி விட்டுருதேன். சாயங்காலம் வாரேன்."

என்ஜினை எரித்தவன் என்று பெயர் வாங்கி இறங்கிய டிரைவரை அந்தக் கரையில் வேறு முதலாளி யாரும் ஏற்ற மாட்டார்கள். கித்தேரியானுக்கும் அது தெரியும். பட்டறைச் சுவர் நிழலில் குந்தியிருந்தவன் தொம்மையைக் கண்டதும் எழுந்தான்.

"தொம்மையண்ணே, தெனமும் கம்பியை உருவி எண்ணெய் பாத்தேன்."

"எல்லா டிரைவரும் இதத்தான்டே சொல்லுவான். நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

கித்தேரியான் சிரிக்கவில்லை. தொம்மை உள்ளே போய்விட்டார்.

"என்ன தோணுது அண்ணாச்சி?" என்றார் மேஸ்திரி.

"எண்ணெய் இல்லாம ஓடியிருக்கு."

"எண்ணெய் இல்லாட்டி முதல்ல எது போகும்?"

"பேரிங்கு."

"பாருங்க."

பேரிங்குகள் ஒரே சீராக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தன. கீறல் இல்லை.

"அப்போ மட்டமான எண்ணெய்."

"பேரிங்குக்கு நல்ல எண்ணெய், டேப்பெட்டுக்கு மட்டமான எண்ணெய்னு பிரிச்சு ஊத்தினானோ?"

தொம்மை டேப்பெட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். ஏறி இறங்கும்போது டேப்பெட் தானும் மெல்லச் சுற்றும். அதனால் அடியில் வட்டமாகத்தான் தடம் விழும். இதில் நேர்கோடாக விழுந்திருந்தது.

"சுத்தாம நின்னு உரசியிருக்கு மேஸ்திரி."

"ஏன் சுத்தல?"

"ஓட்டைக்குள்ள இறுகியிருக்கும்."

மேஸ்திரி டேப்பெட்டை வாங்கி அதன் துவாரத்தில் விட்டார். கிணற்றில் வாளி இறங்குவது போலத் தடங்கல் இல்லாமல் இறங்கியது.

"ஏன் சுத்தல?"

"தெரியல."

"இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்?" மேஸ்திரி எழுந்து சட்டையை மாட்டினார். "டீ குடிச்சிட்டு வாரேன். பாத்துக்கிட்டு இருங்க."

தொம்மை சாக்கை விரித்துப் பன்னிரண்டு டேப்பெட்டுகளையும் வரிசையாக வைத்தார். முதல் டேப்பெட்டின் ஓரத்தில், புதுத் தேய்மானத்துக்கு அடியில், பழைய தழும்பு ஒன்று பிறை போலத் தெரிந்தது. முதல் மூக்கில் அதற்குப் பொருத்தமான மேடு இல்லை. இரண்டாவதில் இல்லை. ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். கடைசி மூக்கில் அந்தப் பிறை கச்சிதமாக உட்கார்ந்தது.

இரண்டாவது டேப்பெட், கடைசிக்கு முந்தைய மூக்கில் உட்கார்ந்தது.

மூன்றாவதை அவர் வைத்துப் பார்க்கவில்லை. சாக்கின் மேல் இருந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றி அடுக்கினார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய டேப்பெட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு முட்டை அட்டையின் குழிகளில் வைப்பார்கள். முதல் குழியின் பக்கம் சாக்பீஸால் ஒரு சிலுவை போடுவார்கள். சேர்ந்து ஓடிப் பழகிய மூக்கும் டேப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகிவிடும். ஆள் மாற்றிப் போட்டால் ஒன்றையொன்று தின்னும்.

அட்டைக்குத் தலையும் வாலும் கிடையாது. சாக்பீஸ் சிலுவைதான் தலை.

தொம்மைக்கு மழை மாதத்தில் அந்த ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் பெய்த மழை. அவர் தார்ப்பாயை இழுத்து என்ஜினை மூடிக்கொண்டிருந்தார். முற்றத்தில் இருந்த அட்டையை மார்போடு அணைத்துக் குனிந்து ஓடிவந்தவரின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. சிலுவை போட்டிருந்த அட்டையின் ஓரமும் நனைந்திருந்தது.

மேஸ்திரி டீ குடித்துவிட்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணும் பிடிபடல மேஸ்திரி."

மேஸ்திரி சாக்கைப் பார்த்தார். "பிடிபடாமலா வரிசையைத் திருப்பி வச்சிருக்கீங்க?"

தொம்மை துணியால் கையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த கையைத்தான் துடைத்தார். பிறகு கேட்டார்:

"தேய்மானத்தைப் பாத்து, இது இன்னார் செஞ்சதுன்னு சொல்லிர முடியுமா?"

"முடியாது. இரும்புக்கு ஆள் தெரியாது. எங்க உரசுச்சுன்னு மட்டும்தான் சொல்லும்."

"அப்போ ஆள் பேரை நாம சொல்ல வேண்டியதில்லையே."

"மழையன்னைக்கு அட்டையை உள்ள கொண்டாந்தது யாரு?"

தொம்மையின் கண் மேஸ்திரியின் கையில் போய் நின்றது.

"நான் காலையிலேயே பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றார் மேஸ்திரி.

"பொறவு எதுக்கு என்னைப் பாக்கச் சொன்னீங்க?"

மேஸ்திரி பதில் சொல்வதற்குள் வெளியே மச்சாதுவின் பைக் வந்து நின்றது. கித்தேரியான் எழுந்து மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டுக்கொள்வது கதவு வழியாகத் தெரிந்தது.

தொம்மை குரலைத் தாழ்த்தினார். "எண்ணெய்னே சொல்லிருவோம் மேஸ்திரி. கித்தேரியானுக்கு நான் வேற லாஞ்சு பாத்துக் குடுக்கேன். என் சத்தியமா பாத்துக் குடுக்கேன். உங்க கை தப்புச்சுன்னு தெரிஞ்சா இந்தக் கரையில ஒருத்தனும் என்ஜின் கொண்டுவர மாட்டான்."

"இடுப்பு போன உங்களையே ஒரு லாஞ்சுலயும் ஏத்தாமத்தானே இங்க வந்தீங்க?" என்றார் மேஸ்திரி. குரலில் கேலிதான் இருந்தது, கோபம் இல்லை.

மச்சாது உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், வாசற்படியைத் தாண்டாமல், கித்தேரியான்.

"என்ன வே, எண்ணெய்தானே?"

"பிரிச்சது நான். பாத்தது அண்ணாச்சி" என்றார் மேஸ்திரி. "அவரைக் கேளுங்க முதலாளி."

"இவரையா? இவரு நேத்து வரைக்கும் டிரைவருல்லா. டிரைவருக்கு டிரைவர் விட்டுக் குடுப்பானா?"

"கேட்டுப் பாருங்க."

மச்சாது தொம்மையின் பக்கம் திரும்பினார். தொம்மை மேஸ்திரியைப் பார்த்தார். கண்ணால் கெஞ்சினார் என்றே சொல்லலாம். மேஸ்திரி ஒரு காலிப் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, கொடுத்த வேலைக்குக் காத்திருக்கும் ஆள்போல அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்களில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க அண்ணாச்சி. நானும் கேக்கணும்லா."

மச்சாதுவின் லாஞ்சுகள் அந்த வருடத்தோடு வேறு பட்டறைக்குப் போய்விட்டன. கித்தேரியான், கண் மங்கும்வரை, அதே லாஞ்சைத்தான் ஓட்டினான்.