அம்பலவாணரின் சின்னத் திருவோடு

மலையடிவாரத்து மடத்தில் அம்பலவாணருக்குப் பெரிய பொறுப்பு என்று ஒன்றுதான் உண்டு. சித்திரைப் பௌர்ணமி அன்று மலையுச்சிக்கு ஏறிச் சங்கு ஊத வேண்டும். அந்த ஒலி கேட்ட பிறகுதான் கீழே வீட்டுக்கு வீடு விளக்கேற்றுவார்கள்.

போன சித்திரையில் அவர் பாதி மலையிலேயே உட்கார்ந்துவிட்டார். மடத்துக்கு வருமுன் அல்வாக் கடை வைத்திருந்தவர் அவர். கடையை விட்டுவிட்டு வந்தார். கடையில் சேர்த்த உடம்பு அவரை விடாமல் கூடவே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊதினார். ஊரும் விளக்கேற்றியது. ஆனால் மறுநாள் தெருவில் ஒரே பேச்சு: "இந்த வருஷம் மலையுச்சி பாதி வழிக்கு இறங்கி வந்துட்டுதாமே."

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். இனி பாதிச் சாப்பாடுதான் என்றார்.

அம்பலவாணர் சொன்ன சொல்லை மீறுகிறவர் அல்லர். அன்றே தம் பெரிய திருவோட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதில் பாதி பிடிக்கும் சின்ன ஓடு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அந்த மடத்தில் அடுப்பு கிடையாது. எதிரே ஒரு தெரு உண்டு. அந்தத் தெருக்காரர்கள் தினமும் சைவமாகச் சமைத்து, மடத்துக்கென்று ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். மடத்தில் இருப்பவர்கள் மேற்குக் கோடியில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு வாசலிலும் நிற்பார்கள். ஓடு நிறைந்ததும் திரும்பிவிட வேண்டும். நிறைந்த ஓட்டோடு இன்னொரு வாசலில் நிற்பது பேராசை. இது அங்கே பழைய விதி.

மேற்குக் கோடியில் முதல் வீடு பிச்சம்மாள் ஆச்சியுடையது. வயல் நிறைய நெல், கை நிறைய மனசு. ஆவி பறக்கும் சோற்றை அள்ளி வைத்து, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றுவாள். சின்ன ஓடு அங்கேயே நிறைந்துவிடும். மற்றவர்கள் தெருவின் நடுவில் நிற்கும்போதே அம்பலவாணர் சாப்பிட்டு முடித்துக் கைகழுவியிருப்பார். சாப்பாடும் குறைந்தது, நடையும் குறைந்தது என்று அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

உடம்பு இளைத்தது. வேட்டியை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டியிருந்தது.

பங்குனி பிறந்ததும் சங்கை எடுத்துப் பார்த்தார். 'புஸ்' என்றது. மறுபடி ஊதினார். உதட்டோரம் வெடித்து எரிந்தது. மடத்துப் படிகளில் ஏறினாலே கண் இருட்டிக்கொண்டு வந்தது. தாடியைத் தடவினால் முடி கையோடு வந்தது.

சங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு குருவிடம் போனார். குரு வடிவம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அவர் குருவைத் தாயே என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

"தாயே, உடம்பு இருந்தப்போ ஏற முடியலை. உடம்பு போனதும் ஊத முடியலை. சங்கை வேற யாருக்காவது குடுத்திருங்க," என்றார்.

வடிவம்மை சங்கை வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"பிச்சம்மாள் ஆச்சி வீட்டுச் சோறும் குழம்பும்."

"நேத்து?"

"அதேதான்."

"செக்கடி வீட்டுல இப்போ என்ன துவையல் அரைக்காங்க?"

"தெரியலையே, தாயே."

"கீரைக்கார இசக்கியோட பசு கன்னு போட்டுதே. காளையா, கிடாரியா?"

பசு சினையாக இருந்ததே அம்பலவாணருக்குத் தெரியாது.

வடிவம்மை சிரித்துவிட்டார். எழுந்து போய், சின்னச் சிரட்டை அகப்பை ஒன்றைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார்.

"ஓடு இதே ஓடுதான். ஆனா நாளையிலிருந்து எந்த வீட்டுலயும் இந்த அகப்பையால ஒரு தடவைதான் வாங்கணும்."

மறுநாள் அகப்பையைப் பார்த்ததும் பிச்சம்மாள் ஆச்சியின் முகம் சுருங்கியது.

"ஏன் சாமி, என் சோத்துல குறை கண்டீங்களா?"

"சோத்துல குறையில்லை ஆச்சி. எனக்குச் சங்கு ஊதணும்."

ஆச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு அகப்பைச் சோறு வைத்தாள். மனசு கேளாமல் குவித்து வைத்தாள்.

செக்கடி வீட்டில் எள்ளுத் துவையல். சாமி ஊரைவிட்டே போய்விட்டதாக நினைத்தோம் என்றார் அந்த வீட்டுக்காரர். தறிக்காரர் வீட்டில் வேகவைத்த சிறுபயறு. இசக்கி வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியல் வைத்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கன்றைக் காட்டினார்கள். கிடாரிதான். அது அவர் வேட்டி நுனியைச் சப்பியது. அப்புறம் ஒரு வீட்டில் கேப்பைக் களி, ஒரு வீட்டில் கெட்டித் தயிர், ஒரு வீட்டில் கொத்தவரங்காய். அந்தக் கொத்தவரங்காயில் உப்பு அதிகம் என்று வைத்தவளே சொல்லிச் சிரித்தாள்.

கடைசி வீட்டருகே வந்தபோது ஓடு நிறைந்திருந்தது. வாசலில் நிற்கலாமா என்று தயங்கினார். அந்த வீட்டு மருமகள் முற்றத்து மரத்திலிருந்து ஒரு நெல்லிக்காயைப் பறித்து அவரை நோக்கி வீசினாள். ஒற்றைக் கையால் பிடித்துவிட்டார். தெருவே கை தட்டியது.

இப்படியே நாள்கள் போயின. உடம்பு ஏறவில்லை. உதட்டோரப் புண் ஆறியது. ஒருநாள் காலையில் சும்மா ஊதிப் பார்த்த சங்கு, தொழுவத்து மாடுகளையெல்லாம் எழுப்பிவிட்டது.

சித்திரைப் பௌர்ணமி அன்று அம்பலவாணர் மலையேறினார். பாதி வழியில், போன வருஷம் உட்கார்ந்த பாறையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே போனார். உச்சியில் நின்று ஊதினார். கீழே விளக்குகள் எரியத் தொடங்கின. முதலில் பிச்சம்மாள் ஆச்சி. அடுத்தது செக்கடி வீடு. அதோ, தறிக்காரர். இசக்கி வீட்டு விளக்கு மட்டும் கொஞ்சம் தாமதம். கன்றுக்குட்டி திரியை இழுத்திருக்கும். மூச்சு மிச்சமிருந்ததால் இன்னொரு முறையும் ஊதினார்.

மறுநாள் வடிவம்மை தம் ஓட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்பலவாணர் பின்னாலேயே போனார்.

"தாயே, எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. அன்னைக்கும் இதே ஓடுதான், இன்னைக்கும் இதே ஓடுதான். ஒரு கவளம்கூட அதிகம் சாப்பிடலை. அன்னைக்கு இல்லாத மூச்சு இப்போ எங்கேயிருந்து வந்தது?"

வடிவம்மை மேற்குக் கோடியைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்.

"வைத்தியர் ஓட்டைத்தானே சின்னதாக்கச் சொன்னார், அண்ணாச்சி? தெருவை யார் சின்னதாக்கச் சொன்னது?"