துளை மூடும் நேரம்

இது நான் நேரில் பார்த்ததல்ல. என் சீனியர் சொன்னார். அவரும் அடுத்த மேஜையிலிருந்து கேட்டதுதான். வார்த்தைகள் கொஞ்சம் மாறியிருக்கலாம்.

ரத்தக் கோளாறோடு பிறந்த ஒரு சிறுமியின் செல்கள் அவருடைய ஆய்வகத்தில் இருந்தன. அவற்றுக்குள் குறையில்லாத மரபணுவை வைரஸின் உதவி இல்லாமல் அனுப்ப வேண்டும். மின்துடிப்பு கொடுத்தால் செல்லின் சவ்வில் துளை திறக்கும். அதன் வழியே அனுப்புவதுதான் அங்கே ஆய்வு மாணவனாக இருந்த தவசியின் வேலை. அந்தச் செல்களில் ஒரே ஒரு குழாய்தான் மிச்சம். அந்தப் பிள்ளையை மறுபடி ஊசிக்குக் கூப்பிட யாருக்கும் மனமில்லை.

தவசி தன் வழிகாட்டி ஹெப்சிபாவிடம் கேட்டான்.

"மேடம், வோல்ட்டை இன்னும் ஏத்தட்டுமா?"

"போன தடவை மரபணு உள்ள போகலையா?"

"போச்சு மேடம். அதுக்குச் சாயம் ஏத்தியிருந்தேன், நல்லாவே தெரிஞ்சுது. மறுநாள் பார்த்தா எல்லா செல்லும் செத்துக் கிடந்துச்சு."

"எழவு வீட்டுல கல்யாணப் பத்திரிகை வச்சிட்டு வந்திருக்க."

தவசி தலையைச் சொறிந்தான். "இன்னும் நிறைய உள்ள போனா நாலாவது பிழைக்குமேன்னு பார்த்தேன். வைரஸ் மட்டும் எப்படி மேடம் கொல்லாம நுழையுது?"

"அதுக்குப் பழக்கம். நாம புதுசு. வோல்ட் அப்படியே இருக்கட்டும். கடைசிக் குழாயை எடு."

அவன் குழாயைக் கருவியில் வைத்தான். துடிப்பு கொடுத்தான். கொடுத்த கையோடு பிப்பெட் என்ற உறிஞ்சுகுழலை எடுத்துச் செல்களைக் கலக்கப் போனான்.

ஹெப்சிபா உள்ளங்கையால் குழாயை மறைத்தார்.

"எங்க போற?"

"கொஞ்சம் எடுத்து மைக்ரோஸ்கோப்புல பார்க்கணும் மேடம். உள்ள போச்சான்னு."

"போன தடவையும் உடனே கலக்கினியா?"

"எல்லாத் தடவையும்."

"வா, டீ குடிக்கலாம்."

கேன்டீனில் அவர் நிதானமாகக் குடித்தார். தவசி டம்ளரைத் தொடவில்லை.

"இப்ப அங்க என்ன மேடம் நடக்குது?"

"நீ திறந்ததை அது மூடிக்கிட்டு இருக்கு."

"அதுக்கு நாம என்ன செய்யணும்?"

"டீ ஆறுது பாரு. குடி."

மறுநாள் பெரும்பாலான செல்கள் உயிரோடு இருந்தன என்றார் சீனியர். அதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. பிறகு நான் படித்துச் சரிபார்த்தது இவ்வளவுதான்: அந்தத் துளையைக் கருவி திறக்கிறது, ஆனால் மூடுவதில்லை. செல் தானே மூடிக்கொள்கிறது. சில நொடிகள் ஆகலாம், சில நிமிடங்களும் ஆகலாம். அதற்குள் கலக்கினால் மூட முடியாமல் போகலாம்; மூட முடியாத செல் இறந்துவிடுகிறது.