கப்பல்கார வீட்டு மாடி ஜன்னல்

புதுச்சேரியில் பழைய வீடுகள் இடிந்து போகாமல் காப்பதற்கென்றே ஓர் அறக்கட்டளை இருந்தது. அதில் இருந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். கெட்டவன் செய்யும் தப்பை ஊரே கண்டுபிடித்துவிடும். நல்லவர்கள் செய்யும் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. அதனால் இந்தக் கதைக்குக் காதை மட்டும் கொடுத்தால் போதாது. கண்ணையும் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பெயர் கப்பல்கார வீடு. கப்பலெல்லாம் போய் மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இப்போது அதில் இருந்தவள் திலோத்தமை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர், இரண்டு பெண்கள், இந்த ஒரே வீடு, அவ்வளவுதான் அவள் சொத்து. வீட்டு முகப்பில் நடுவே வாசல், வாசலுக்கு இருபுறமும் இரண்டிரண்டு தூண். காகிதம்போல் நடுவில் மடித்தால் ஒரு பாதி மறு பாதியின் மேல் கச்சிதமாக உட்காரும். மாடியில் மட்டும், முன்னொரு காலத்தில், ஒரு பக்கத்தில் வளைவு வைத்த பெரிய ஜன்னல் இருந்ததாம். ஏதோ ஒரு புயலுக்குப் பிறகு அதைச் செங்கல் வைத்து அடைத்து, சுவர் முழுக்க சிமெண்ட் பூசி மூடிவிட்டார்கள். எந்தப் பக்கம் என்று சொல்ல ஊரில் ஒருவரும் மிச்சமில்லை.

அந்த ஜன்னலைத் திறந்து, வீட்டைப் பழையபடி ஆக்கித் தருகிறோம் என்று அறக்கட்டளை முன்வந்தது. திலோத்தமைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். செயலாளர் வேதரத்தினம், ஓய்வுபெற்ற எஞ்சினியர், கையில் ஒரு பெரிய படத்தோடு வந்தார். பரணில் கிடந்த, அந்தக் காலத்துப் போட்டோ நெகட்டிவான கண்ணாடித் தகடு ஒன்றைத் திலோத்தமைதான் பத்து மாதம் முன்பு அவரிடம் கொடுத்திருந்தாள். அதிலிருந்து அறக்கட்டளை அலுவலகத்திலேயே பிரதி எடுத்திருந்தார்கள்.

படத்தில், வீட்டு வாசலில் ஒரு கல்யாணக் கூட்டம். மணப்பெண்ணும் நாலு பெண்களும் பட்டுப் புடவையில் நிற்கிறார்கள். ஐந்து பேரின் முந்தானையும் வலது தோளில் விழுந்திருக்கிறது. வீட்டைக் கட்டிய கொள்ளுத்தாத்தா ஒரு கையால் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சம்பந்திக்கு வெற்றிலை நீட்டுகிறார். அவர்கள் தலைக்கு மேலே, தெருவிலிருந்து பார்த்தால் இடப்பக்கம், ஜன்னல் ஜம்மென்று இருந்தது.

திலோத்தமை படத்தை உற்றுப் பார்த்தாள்.

"இதென்ன சார், சம்பந்திக்குப் போய்ப் பீச்சாங்கையில வெத்தலை குடுக்கறாரு?"

"இடதுகைப் பழக்கம் இருந்திருக்கும் டீச்சர். அத விடுங்க, ஜன்னலப் பாருங்க. என்ன வேலைப்பாடு!"

சாரத்தின் மேல் கொத்தனார் அருளப்பன் இருந்தார். கரண்டியின் காம்பால் சுவரை இங்கே தட்டினார், அங்கே தட்டினார், காதை வைத்துக் கேட்டார். பிறகு இறங்கி வந்தார்.

"டீச்சரம்மா, வலப்பக்கம்தான் சத்தம் வேற மாதிரி கேக்குது. அடைச்ச ஜன்னல்னா உள்ள வளைவு இருக்கும், மேல்பாரத்த அது தாங்கிக்கும். வளைவு இல்லாத வெறுஞ்சுவத்தக் குடைஞ்சா மேல்தளம் அப்படியே உக்காந்துடும். இடப்பக்கம் நான் கை வெக்க மாட்டேன்."

"பூச்சு விட்டுப்போயிருந்தாலும் அந்தச் சத்தம்தான் வரும் அருளப்பன்," என்றார் வேதரத்தினம். "காது ஏமாத்தும். படம் ஏமாத்துமா?"

பூச்சு விட்டாலும் அப்படித்தான் கேட்கும் என்று அருளப்பனுக்கும் தெரியும். ஆனாலும் கரண்டியைச் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்தார். வேலை போனாலும் போகட்டும் என்கிற கட்டு அது.

வேதரத்தினம் சம்மதக் கடிதத்தை நீட்டினார். இடப்பக்கச் சுவரை உடைக்கலாம் என்று வீட்டுக்காரி கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் இரண்டு பெண்களும் படுக்கும் அறை. ஒரு பக்கம் கண்ணுக்கு எதிரே படம், மறுபக்கம் பிழைப்பையே விடத் துணிந்த ஒரு மனுஷன். திலோத்தமை பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வேதரத்தினம் பொய் பேசுகிறவர் இல்லை, அருளப்பன் தொழில் தெரியாதவர் இல்லை. ஜன்னல் இருந்தது எந்தப் பக்கம்? திலோத்தமை யாரை நம்ப வேண்டும்?

விடை இதுதான். அருளப்பனைத்தான் நம்ப வேண்டும்; அதற்குச் சாட்சி அந்தப் படமே. முந்தானையை இடது தோளில் போட நம் பெண்களில் ஒருத்தி மறந்து போகலாம், ஐந்து பேருமா மறப்பார்கள்? இடதுகைப் பழக்கக்காரர்கூடச் சம்பந்திக்கு வெற்றிலையை இடது கையால் நீட்டுவாரா? கண்ணாடித் தகட்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் தெரியும். அதைப் புரட்டி வைத்துப் பிரதி எடுத்துவிட்டார்கள். வீடு இருபுறமும் ஒன்றாக இருந்ததால் அது காட்டிக்கொடுக்கவில்லை. திலோத்தமை பேனாவை மூடிவிட்டுத் தகட்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். முந்தானை இடது தோளுக்குப் போயிற்று, வெற்றிலை வலது கைக்குப் போயிற்று, ஜன்னல் வலப்பக்கம் போயிற்று. மூன்றாம் நாள் அருளப்பன் வலப்பக்கப் பூச்சைக் கொத்தியதும் செங்கல் வளைவு முழுசாக வெளியே வந்தது. அறக்கட்டளைக் கூடத்தில் அதே படத்தின் இன்னொரு பிரதி பத்து மாதமாக மாட்டியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஜன்னலைப் புகழ்ந்தார்கள், வாசலில் நின்ற மனிதர்களை ஒருவரும் பார்க்கவில்லை. வேதரத்தினம் அதைத் தானே கழற்றி எடுத்தார். மறுநாள் காலையில் சாரத்தின் அடியில் போய் நின்று, அருளப்பன் இறங்கி வரும்வரை காத்திருந்து, வெற்றிலை பாக்கு நீட்டினார், வலது கையால்.