மரைகளுக்கிடையே வெளிச்சம்

2019ஆம் ஆண்டு நவம்பர் 14, வியாழக்கிழமை. விடியும்வரை பெய்த மழை ஓய்ந்திருந்தது. காலை பத்து மணிக்குக் கொல்லிமலையின் மேற்பாதி மேகத்துள் மறைந்திருக்க, அடிவாரத்தில் மட்டும் வெயில் விழுந்தது.

அடிவாரத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருந்த செங்கமலத்துக்கு வயது முப்பத்து மூன்று. அவரிடம் மூன்று மாதங்களாகத் தொழில் கற்றுவந்த பெரியண்ணனுக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தாறு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். இளையவரைக் குருவாக ஏற்றதில் அவருக்குக் கூச்சமில்லை. ஒரே கேள்வியைத்தான் ஓயாமல் கேட்டுவந்தார்.

“எவ்வளவு இறுக்கினாப் போதும், அம்மிணி?”

செங்கமலம் அதற்கு ஒருநாளும் விடை சொன்னதில்லை.

அன்று, மலையூர்களுக்குத் தடுப்பூசி போடச் செல்லும் செவிலியர் நவமணி தம் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்திருந்தார். முன்பிரேக்கில் தட்டைக் கவ்வி நிறுத்தும் காலிப்பரை, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளும் துருவேறி, தலை மழுங்கியிருந்தன. மாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அந்தப் பிரேக்கை நம்பியே அவர் இறங்க வேண்டும்.

செங்கமலம் வேறொரு வண்டியில் மூழ்கியிருக்க, பெரியண்ணன் துருப்பிடித்தவற்றைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டினார். லாரிச் சக்கரத்து நட்டை இறுக்கிய பழக்கம் கையில் இருந்தது. ஸ்பேனரின் பிடியில் மூன்றடிப் பைப்பைச் செருகி, தம் உடல் எடையையும் அதன்மேல் கொடுத்தார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக்கில் கைவைத்தவரே மூன்றாம் வளைவுவரை ஏறி இறங்கிக் காட்டவேண்டும். அதன் பிறகே வண்டி உரியவரிடம் போகும். பெரியண்ணன் ஏறி இறங்கி வந்தார்.

“கிண்ணுனு நிக்குது. யானையைக் கட்டி இழுத்தாலும் அசையாது.”

“யானை எதுக்குங்கண்ணா? நான் போய்ட்டு வந்தாப் போதும்” என்றார் நவமணி.

செங்கமலம் தரையில் கிடந்த பைப்பைப் பார்த்தார்.

“இறுக்கும்போது கைக்கு என்ன தெரிஞ்சுதுங்கண்ணா?”

“கடைசியில கொஞ்சம் இளகுன மாதிரி இருந்துச்சு. அப்புறம் லேசா இன்னொரு கால் சுத்து வந்துச்சு. நல்லா உக்காந்துருச்சுன்னு விட்டுட்டேன்.”

செங்கமலம் அவர் பூட்டிய இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினார். ஒன்றைத் துடைத்தார். அதே அளவில், இதுவரை பூட்டப்படாத போல்ட் ஒன்றையும் எடுத்து, இரண்டையும் பெரியண்ணன் கையில் வைத்தார்.

“ஒண்ணைத் தலைகீழாத் திருப்பி, மரையோட மரையைச் சேர்த்துப் பிடிங்க. வானத்துக்கு நேரா.”

பெரியண்ணன் பிடித்தார். இறுக்கிய போல்ட்டின் நுனிப்பக்கம் திருகு வரிகள், மரையோடு மரை, பிசகின்றிப் பொருந்தின. அதன் தலைப்பக்கம் போகப்போக மரைகள் ஒன்றையொன்று தவறவிட்டன. அங்கே மயிரிழை அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

அவர் நெடுநேரம் கையைத் தாழ்த்தவில்லை.

“இரும்பு நீளுமா, அம்மிணி?”

“நீண்டிருக்குதே. இனி எப்ப வேணா அறுந்துரும்.”

“வண்டி நின்னுச்சே. நானேதான் ஓட்டுனேன்.”

“மூணு வளைவு இறங்குனீங்க.”

நவமணி தடுப்பூசிப் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்தார்.

செங்கமலம் வேறு இரண்டு புதிய போல்ட்டுகளைக் கொடுத்தார். ஸ்பேனர் பிடியின் நுனியில் இருந்த பெரியண்ணனின் கையை நகர்த்தி, நடுவில் வைத்தார்.

“கண்ணை மூடிட்டு இறுக்குங்க.”

முதல் போல்ட்டை இறுக்கி அவர் நிறுத்தினார். உரிய அளவு வந்ததும் ‘டிக்’ என ஒலிக்கும் டார்க் ஸ்பேனரைச் செங்கமலம் அதில் பொருத்தினார். போல்ட் சற்றே நகர்ந்த பின்னரே ஒலி வந்தது; இறுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

இரண்டாவது போல்ட்டைப் பெரியண்ணன் முன்னிலும் மெதுவாகத் திருப்பினார். ஓரிடத்தில் அவருடைய மூச்சும் கையும் ஒன்றாக நின்றன. செங்கமலம் ஸ்பேனரைப் பொருத்தினார். போல்ட் இம்மியும் நகரவில்லை.

டிக்.

பெரியண்ணன் கண்களைத் திறந்தார். தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போதுமா, அம்மிணி?”

“இப்ப யாரைக் கேட்டு நிறுத்துனீங்க, அண்ணா?”

பெரியண்ணன் ஸ்பேனரை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மூன்று வளைவுகளை அவர் மீண்டும் ஏறி இறங்கினார். பதினொன்றரை மணிக்கு நவமணி மலையேறினார். மாலை ஐந்தே முக்காலுக்கு இறங்கி வந்து, பட்டறை வாசலில் பிரேக் பிடித்து நின்று, “சாப்டீங்களாண்ணா?” என்று கேட்டார். அதன் பிறகே பெரியண்ணன் தம் தூக்குச்சட்டியைத் திறந்தார். மறுநாள் அந்தப் பைப்பைச் சுவரில் கிடையாகப் பொருத்தி, கை துடைக்கும் துணிகளைக் காயப்போட்டார். இன்றுவரை அது அதற்குத்தான் பயன்படுகிறது.